கிரவுனில் கசிவு: எந்த சீல், எந்த ஆயில்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு மண் லோடு அடிக்கும் ஒரு லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். கிரவுன் ஹவுசிங்கின் அடியில் ஆயிலும் வெள்ளைத் தூசியும் குழைந்து, ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் காய்ந்திருக்கும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், குவார்ட்ஸ் தூள், ஃபெல்ட்ஸ்பார் என்று இந்த ஊர் பீங்கானுக்கு வேண்டிய எல்லாமே மாவு போன்ற சரக்கு. கசிவு இருக்கிற இடமெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "சீலை மாத்திடலாம்" என்பார்கள், இல்லாவிட்டால் "கெட்டி ஆயிலா ஊத்துங்க, நின்னுடும்" என்பார்கள். எதைச் செய்வதற்கும் முன்னால் ஆயில் எந்த இடத்திலிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் போட்ட புது சீல், பழைய சீல் போன வழியிலேயே போகும்.

முதலில் ஹவுசிங்கை டீசல் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும். புரபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்குப் பகுதி நனைந்திருந்தால் பினியன் சீல். ஹவுசிங்கும் கிரவுன் கேரியரும் சேரும் வட்டத்தில் ஈரம் கட்டினால் கேஸ்கெட். டிரெயின் பிளக்கில் துளி நின்றால் ஒரு வாஷரோடு வேலை முடிந்துவிடும். வீல் டிரம்முக்குள்ளிருந்து வழிந்து, டயரின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தால் அது வீல் சீல். மற்ற கசிவுகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். இதைத் தள்ளக் கூடாது. ஆயில் பிரேக் லைனிங்கில் ஊறிவிட்டால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது. ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் விட்டுக் கழுவி மறுபடி மாட்டுவதும் வேண்டாம். சூடேறும்போது உள்ளே ஊறியது வெளியே வரும். அந்த ஆக்ஸிலின் இரு பக்கத்துக்கும் லைனிங்கை மாற்றிவிட வேண்டும்.

சீல் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஊர் லாரிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓட்டத்தில் கிரவுன் சூடேறும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அது பிரீதர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். களிமண் தூசி அதில் படிந்து, மழையில் நனைந்து, ஆக்ஸில் சூட்டில் காய்ந்து கெட்டியாக அடைத்துவிடும். வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும். வெளியேற வழி தேடுகிற காற்று, சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். பிரீதரைக் கழுவிக் காற்றடித்ததுமே கசிவு நின்றுபோகிற வண்டிகள் உண்டு. மண் லோடுக்கே ஓடுகிற வண்டியென்றால், பிரீதர் இருக்கும் இடத்தில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, அதிலிருந்து ரப்பர் ஹோஸை சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். சிறிய செலவுதான். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே போவதையும் அது தடுக்கும்.

பிரீதர் சரியாக இருந்தும் கசிந்தால் சீலுக்கு வரலாம். கடையில் கிடைப்பது முக்கியமாக இரண்டு வகை. கறுப்பு நைட்ரைல் ரப்பர் சீல் விலை குறைவு. ஏறத்தாழ 100 டிகிரி வரை நிம்மதியாக உழைக்கும். அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் உதடு கட்டையாகி வெடிக்கும். மற்றது வைட்டான். பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும், 200 டிகிரி வரை தாங்கும், விலை பல மடங்கு. நிறத்தை மட்டும் நம்பாமல் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஊருக்குள்ளேயே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடை அடிக்கிற வண்டிக்கு நைட்ரைல் போதும். சேலத்துக்கும் சென்னைக்கும் முழு லோடோடு விடாமல் ஓடுகிற வண்டிக்கு, பினியன் சீலாவது வைட்டானாக இருக்கட்டும். எந்த சீல் போட்டாலும் ஜாயிண்ட் கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் கடை வாசலில் வெயில் பட்டுத் தொங்கிய சரக்கு வேண்டாம்.

சீல் புதிதாக இருந்தும் கசிவு திரும்பி வருவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பினியன் ஃபிளேஞ்ச். சீல் உதடு உரசும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல சீலும் அங்கே நிற்காது. உதட்டில் சிக்கிய களிமண்ணும் குவார்ட்ஸும் இரும்பைச் சாணை பிடித்ததால் வந்த பள்ளம் அது. இதற்கு மூன்று வழி. ஃபிளேஞ்சையே மாற்றலாம், பள்ளத்தின் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது உதடு வேறு இடத்தில் உரசும்படி சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை, ஆனால் ஹவுசிங்கில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஸ்லீவ் கிடைத்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஃபிளேஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அப்போது சீலை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது.

பினியன் நட்டைக் கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். சில சிறிய பிக்கப் வண்டிகளில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் இருக்கும். நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கும். அதைக் கண்டபடி முறுக்கினால் பேரிங் சூடேறிச் சாகும். கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்டிலும் பஞ்ச் அடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லாரிகளில் பெரும்பாலும் ஷிம் வைத்திருப்பார்கள். அங்கே கம்பெனி சொன்ன டார்க் வைத்தால் போதும்.

கேரியர் கசிவுக்குக் காகித கேஸ்கெட்டா, சிலிக்கானா? நம் பட்டறைகளில் எந்தக் கம்பெனி சிலிக்கானுக்கும் அனபாண்ட் என்றுதான் பெயர். முகம் கீறல் இல்லாமல் சமமாக இருந்தால் கேஸ்கெட் நல்லது, அடுத்த முறை பிரிப்பதும் சுலபம். பலமுறை உளி வைத்துப் பிரித்துத் தழும்பேறிய பழைய ஹவுசிங்குக்கு சிலிக்கான்தான் சரி. பழைய பசையைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, ஆயில் வாடையே இல்லாமல் காய விட வேண்டும். பிறகு மூன்று மில்லிமீட்டர் கனத்தில், ஒவ்வொரு போல்ட் ஓட்டையையும் சுற்றிக்கொண்டு போகும்படி ஒரே கோடாக இழுத்து, அது தோல் கட்டுவதற்குள் கேரியரை ஏற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும். ஆயிலை மறுநாள் ஊற்றுங்கள். தாராளமாகப் பூசினால் நல்லது என்று நினைப்பது தவறு. உள்ளே பிதுங்கிய சிலிக்கான் துண்டு துண்டாக அறுந்து, பேரிங்குக்கு ஆயில் போகும் வழியை அடைக்கும்.

இனி ஆயில். இதில் ஒரே பக்கெட்டை வாங்கி கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் சேர்த்து ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அதை விட வேண்டும். லாரிக் கிரவுன்களில் பரவலாக இருப்பது ஹைபாய்டு பல். பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் தள்ளி அமைந்திருக்கும். 1926ல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் வந்த அமைப்பு இது. இதில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு, அழுத்தத்தோடு வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த இடத்தில் கிழிந்துபோகும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம் உள்ள ஜிஎல்-5 ஆயில்தான் பல்லைக் காக்கும். அதே மருந்து, சூட்டில் கியர்பாக்ஸில் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அதனால் பல கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 கேட்கிறார்கள். கிரவுனில் ஜிஎல்-4 ஊற்றினால் பல் தேயும். கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் கியர் விழுவது கடினமாகும். சர்வோவோ காஸ்ட்ராலோ கல்ஃபோ, டின்னின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஜிஎல் எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது 80டபிள்யூ-90ஆ, 85டபிள்யூ-140ஆ? முதல் எண் குளிருக்கானது. 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரியிலும் ஆயில் ஓடும் தன்மையோடு இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுகிற நம் ஊரில் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 100 டிகிரி சூட்டில் 90 ஆயிலின் பிசுபிசுப்பு 13.5 சென்டிஸ்டோக்கிலிருந்து தொடங்கும், 140க்கு 24லிருந்து. வண்டிப் புத்தகம் ஒன்றை மட்டும் சொன்னால் அதுவே முடிவு. இரண்டையும் அனுமதித்தால், முழு லோடோடு குழிச் சாலையில் முதல், இரண்டாம் கியரில் இழுக்கிற மண் லாரிக்கும் கரும்பு லாரிக்கும் 140 போடுவேன். மெதுவான வேகத்தில், அதிக பாரத்தில் கனமான படலம்தான் பல்லைத் தாங்கும். கப்-சாசரும் ஃபியூஸ் கேரியரும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமாக ஓடுகிற வண்டிக்கு 90. அங்கே 140 போட்டால் ஆயிலைக் கடைவதற்கே டீசல் செலவாகும், சூடும் ஏறும். கசிவை நிறுத்துவதற்காக 90லிருந்து 140க்கு மாறாதீர்கள். கசிவு கொஞ்சம் மெதுவாகும், பழுது அப்படியே இருக்கும்.

75டபிள்யூ-90 சிந்தெட்டிக் ஆயில் நல்ல சரக்கு. சூட்டில் சீக்கிரம் கெடாது, அதிக கிலோமீட்டர் ஓடும், அந்த நீண்ட ஆயுளுக்குத்தான் அந்த விலை. மழையில் சவுடு எடுக்கிற குழிக்குள்ளும் தேங்கிய தண்ணீரிலும் இறங்கி ஏறுகிற வண்டிக்கு நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டால், சிந்தெட்டிக்கானாலும் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் காசுக்கு சாதாரண மினரல் ஆயிலை இரண்டு முறை மாற்றலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறை மாற்றிவிடுவது நம் பக்கத்துக்குப் பொருந்தும்.

மாற்றும்போது மேல் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். ஆயிலை இறக்கிய பிறகு மேல் பிளக் துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். ஓடி வந்த சூட்டோடு இறக்குங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு, நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. சமதளத்தில் நிறுத்தி, மேல் ஓட்டையில் வழியும் மட்டும் ஊற்றினால் போதும். இறக்கிய ஆயிலை மணிமுத்தாற்றுப் பக்கம் கொட்டாமல், அனுமதி பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள். ஒரு லோடு அடித்து வந்ததும் அளவை மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் ஆக்ஸில் குழாய்களுக்குள் ஓடி நிரம்பியிருக்கும், மேல் மட்டம் ஒரு விரல் இறங்கியிருக்கும்.