தூசியிற் பிறக்கும் கோள்கள்

வீட்டு மூலையில் திரளும் தூசியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மக்கள் வாழும் இம்மண்ணுலகமே ஒரு காலத்தில் தூசியாய்ப் பரந்து கிடந்ததாகும்.

விண்மீன் ஒன்று பிறக்கும்போது, வாயுவும் தூசியும் கலந்த தட்டையான வட்டு ஒன்று அதனைச் சூழ்ந்து சுழலும். அவ்வட்டின் எடையில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே தூசி, ஏனையது வாயு. நுண்துகள்கள் மெல்ல மோதி, ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கைக் கற்களாகும். அதன் பின்னரே இடர் தோன்றுகிறது.

வாயுவை அதன் அழுத்தமே சிறிது தாங்குகிறது. ஆதலின் அது விண்மீனைச் சற்று மெதுவாகச் சுற்றும். கல்லுக்கு அத்தாங்கல் இல்லை, அது விரைந்தோடும். எதிர்காற்றில் மிதிவண்டி செலுத்துவோன் தளர்வதுபோல, வாயு எதிர்த்தலால் கல் தன் சுழலாற்றலை இழந்து விண்மீனை நோக்கிச் சரியும். ஞாயிற்றிலிருந்து பூமியுள்ள தொலைவில், ஒரு மீட்டர் அளவுள்ள கல் ஏறத்தாழ நூறே ஆண்டுகளில் ஞாயிற்றை நோக்கி வீழ்ந்துவிடும் என்று வைடன்ஷில்லிங் என்னும் அறிஞர் 1977-இல் கணக்கிட்டார். அங்ஙனமாயின் பூமி பிறந்தது எவ்வாறு?

கெடுத்த வாயுவே காக்கவும் செய்கிறது என்பதுதான் வியப்பு. வாயுவின் அழுத்தம் சிலவிடங்களில் வயல் வரப்புப்போல் உயர்ந்து நிற்கும். வரப்பின் உட்புறத்து வாயு கல்லினும் விரைந்து சுழன்று, அதனை வெளியே தள்ளும். வெளிப்புறத்து வாயு, முன்போலவே, உள்ளே சரியச் செய்யும். இருபுறமும் தள்ளுண்ட கற்கள் வரப்பிலே வந்து குவியும். குவிந்தவை திரளாய்ச் செல்லுங்கால் எதிர்காற்றின் தாக்குதல் குறைகிறது. பின்வரும் கற்களும் அத்திரளிற் சேர்கின்றன. இதனை யூடின், குட்மன் என்னும் இருவர் 2005-இல் விளக்கினர். திரள் போதிய அளவு செறிந்தால், தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிப் பல கிலோமீட்டர் அளவுள்ள பாறையாகும். அத்துணைப் பெரிய பாறையை வாயு எளிதில் அசைக்க இயலாது.

இவை வெறுங் கணக்கல்ல. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலையில், 5,000 மீட்டர் உயரத்தில், வானொலி அலைகளை வாங்கும் 66 வட்டில்களைக் கொண்ட ஆல்மா தொலைநோக்கி உள்ளது. ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனை அது 2014-இல் படமெடுத்தது. அதன் வட்டில் ஒளிர்ந்த தூசி வளையங்களும் அவற்றிடையே இருண்ட இடைவெளிகளும் தெளிவாகத் தெரிந்தன. அவ்விடைவெளிகளைக் குழந்தைக் கோள்களே உழுதிருக்கலாம் என்று பலர் கருதினர். வேறு காரணம் கூறினாரும் உளர். பின்னர், 2018-இல், பி.டி.எஸ். 70 என்னும் மற்றொரு விண்மீனின் வட்டிடைவெளியில் வளர்ந்துவரும் கோள் ஒன்றே நேரிற் காணப்பட்டது. அடுத்த ஆண்டில் அதன் உடன்பிறப்பும் தென்பட்டது.