புதிய மருந்து வரும்வரை

ஆன்டிபயாடிக் என்று நாம் அறிந்துள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், பாக்டீரியாவால் உண்டாகும் தொற்றுகளைக் குணப்படுத்துகின்றன. அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவை இம்மருந்துகளின் துணையை நம்பியே நடைபெறுகின்றன. ஆனால் இவற்றுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் இன்று பெருகிவருகின்றன. அத்தகைய தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

புதிய மருந்துகளைக் கண்டுபிடிக்கலாகாதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அப்பணி எத்துணை அரியது என்பதை ஒரு சான்றால் அறியலாம்.

பழைய மருந்துகள் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து பெறப்பட்டவை. காசநோய்க்குப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அவ்வாறே கிடைத்தது. எனினும், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுள் ஏறத்தாழ 99 விழுக்காடு ஆய்வகத்தில் வளர்வதில்லை. ஆகவே அவற்றிடம் உள்ள மருந்துப் பொருள்களை அறிய இயலாதிருந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இதற்கொரு வழி கண்டனர். ஐசிப் என்னும் சிறு கருவியின் நுண்துளைகளில், துளைக்கு ஏறத்தாழ ஒரு பாக்டீரியா வீதம் இட்டு, இருபுறமும் மெல்லிய சவ்வால் மூடி, மண்ணிலேயே வைத்தனர். மண்ணின் சத்துகள் சவ்வின் வழியே உட்புகுந்தமையால், அதுவரை வளராத பாக்டீரியாக்களும் வளர்ந்தன. நோவோபயாட்டிக் நிறுவனத்தாரும் இணைந்து சுமார் 10,000 பாக்டீரியா மாதிரிகளைச் சோதித்தனர். மெய்ன் மாநிலத்து மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து டெய்க்சோபாக்டின் என்னும் புதிய பொருள் கிடைத்தது. அது செயல்படும் முறையை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதற்கு வேண்டிய மூலப்பொருள்களையே அது பற்றிக்கொள்கிறது. அதனால் சுவர் எழும்புவதில்லை.

இம்முடிவுகள் 2015இல் வெளியாயின. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று, எலிகளிடம் இதனால் குணமாயிற்று. ஆயினும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற, வெளிச்சவ்வு உடைய பாக்டீரியாக்களை இது அழிப்பதில்லை. மேலும், ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ஒரு பொருள், மனிதர்க்குப் பாதுகாப்பானது, பயனுடையது என்று உறுதிப்பட்டு மருந்தாக வருவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். பல பொருள்கள் இடைவழியிலேயே கைவிடப்படுகின்றன.

எனவே, இன்று கையிலுள்ள மருந்துகளைக் காப்பது இன்றியமையாதது. தேவையின்றி மருந்து உட்கொள்ளும்போது, எளிதில் அழியும் பாக்டீரியாக்கள் மடிய, எதிர்த்து நிற்பவை எஞ்சிப் பெருகுகின்றன. இதைத் தடுப்பதில் நோயாளிகளுக்கும் குடும்பத்தார்க்கும் பங்குண்டு:

• மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சாதாரணச் சளி வைரசால் வருவது. அதற்கு இம்மருந்து பயன்படாது.

• மருத்துவர் குறித்த அளவிலும் நாட்களிலும் உட்கொள்ளுங்கள். ஒவ்வாமையோ பிற தொல்லையோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• மீந்த மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

• நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்யுங்கள்.