அத்திவாரத்துக்கு முன் அனுமதி

எமது வியாபாரிகளில் பலர் கடைக்குச் சாமான் எடுக்கும்போது பத்து ரூபாய் வித்தியாசத்துக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும்போது மேசன் பாஸின் வாய்ப்பேச்சை நம்பி அத்திவாரம் வெட்டிவிடுவார்கள். "முதலில் கட்டுவோம், பிளேனைப் பிறகு பார்ப்போம்" என்பது றக்வானையிலும் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இந்த வார்த்தை எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளூராட்சி சபையின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக்கூடாது என்பது புதிய விடயமல்ல. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே அது உண்டு. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதன்கீழ் 2021 ஜூலையில் வெளியான ஒழுங்குவிதிகளும் பொருந்தும். விண்ணப்பத்தைக் கொடுக்கும் இடம் உங்கள் பிரதேச சபைதான். றக்வானையைச் சேர்ந்தவர்களுக்கு அது கொடக்கவெல பிரதேச சபை. அனுமதியில்லாத கட்டடத்தை அகற்ற நீதவான் நீதிமன்றத்தில் உத்தரவு பெறவும் அதிகாரிகளால் முடியும்.

முதலில் காணி

பிளேன் கீறுவதற்கு முன் உறுதியை எடுத்துப் பாருங்கள். துண்டு துண்டாக விற்கப்பட்ட காணியாயின், அந்தத் துண்டாக்கலுக்கு சபையின் அங்கீகாரம் கிடைத்ததா என்று கேளுங்கள். நில அளவையாளரின் படம் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத துண்டை வாங்கியவர் வீட்டு பிளேனைக் கொடுக்கும்போதுதான் சிக்கலை அறிகிறார். அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியாயின் அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு. பிரதேச செயலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

எமது சமூகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாப்பா மௌத்தாகி வருடங்கள் சென்றும் காணி பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கும். மரண சாசனம் இல்லாதபோது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமையியல் கட்டளைச் சட்டப்படி உம்மாவுக்கும், சகோதரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. மூத்த மகன் தன் கைக்காசைப் போட்டு மாடி கட்டிய பிறகு பங்குப் பேச்சு எழுந்தால் வீடும் உறவும் சேர்ந்தே கெடும். பங்கைப் பிரித்து உறுதி எழுதிய பின்னரே கட்டுவது எல்லோருக்கும் நல்லது.

மலைநாட்டுக்கு மேலதிகமாக ஒன்று

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கட்டுவோருக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை மிக முக்கியம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இதைப் பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை 2011இல் வந்தது. இதை வெறும் கடதாசி அலைச்சல் என்று நினைப்பவர்கள் நடந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2003 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரத்தினபுரி மாவட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டது. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண் சரிந்ததை நாம் அனைவரும் அறிவோம்.

பெக்கோவைக் கொண்டுவந்து மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டி, இடம் சமமாக்கிய பிறகு அறிக்கை கேட்பது தலைகீழான வேலை. வெட்டிய மண்ணை மீண்டும் ஒட்ட முடியாது. எவ்வளவு உயரம் வெட்டலாம், அணைச்சுவர் எங்கே வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை. அந்த இடத்தில் கட்டவே கூடாது என்று அறிக்கை வந்தால், உங்கள் பணமும் பிள்ளைகளின் உயிரும் தப்பியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வீதியும் கழிவும்

காலி, தெனியாய, மாதம்பை பிரதான வீதி (ஏ17) றக்வானை ஊடாகச் செல்கிறது. அந்த வீதியோரத்தில் கட்டுவோர் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். சிறிய வீதிகளுக்கு மாகாண வீதித் திணைக்களமோ பிரதேச சபையோ பொறுப்பு. எல்லைக்குள் நீட்டிக் கட்டிய படியும் கூரையும் வீதி அகலமாகும்போது உடைபடும். பீ.எச்.ஐ. அவர்கள் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தைக் கவனிப்பார். உங்கள் கிணற்றோடு அயலவரின் கிணற்றையும் பிளேனில் காட்டுங்கள்.

கடைசிப் பத்திரம்

பிளேன் பாஸானதும் பலர் கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டு விடயங்கள் மீதமிருக்கின்றன. அனுமதி வழமையாக ஒரு வருடத்துக்கே செல்லும். வேலை இழுபட்டால் காலம் முடியுமுன் நீடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, வீடு முடிந்ததும் குடிபோகுமுன் பெறவேண்டிய இணக்கச் சான்றிதழ். வங்கிகளில் சீ.ஓ.சீ. என்று கேட்பது இதைத்தான். அங்கீகரித்த பிளேன்படியே கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. இடையில் ஓர் அறையைக் கூட்டினாலோ, முன்பக்கத்தைக் கடையாக மாற்றினாலோ, திருத்திய பிளேனுக்கும் பாவனை மாற்றத்துக்கும் அனுமதி தேவை.

வியாபாரிக்கு இதில் என்ன இலாபம்? வீட்டை ஈடாக வைத்து வங்கியில் வசதி பெறப் போனால் உறுதி, அங்கீகரித்த பிளேன், வீதி எல்லைச் சான்றிதழ், இணக்கச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். வட்டியில்லா வங்கி முறையை நாடுவோரிடமும் இவற்றைக் கேட்பார்கள். பத்திரமில்லாத வீடு எத்தனை இலட்சம் பெறுமதியானாலும் அவசரத்துக்குப் பணமாக மாறாது. விற்கப் போனாலும் வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

எனவே ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உறுதி, நில அளவைப் படம், மண்சரிவு அறிக்கை, வீதி எல்லை, பிளேன் அனுமதி, அதன் பிறகே அத்திவாரம். இறுதியில் இணக்கச் சான்றிதழ். சபைக்குக் கட்டும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள். தரகரிடம் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்காது. கடைக்கு ஐந்தொகை எழுதுபவர் வீட்டுக்கும் ஒரு கோப்பு வைப்பது பெரிய காரியமல்ல.