அப்பத்தாவும் ஷியர் ஸ்ட்ரெஸ்ஸும்

ரிவெட் அறுபடுவதைப் படம் போட்டுப் படித்தோமே, அதே விசை மனிதத் தோலுக்குள்ளும் வேலை செய்கிறது.

இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த என் அப்பத்தாவைத் தலையணை அடுக்கிச் சாய்த்து வைப்போம். கொஞ்ச நேரத்தில் கீழே சரிஞ்சிடும். கக்கத்தில் கைகொடுத்து மேலே இழுப்போம். பத்தே நாளில் வாலெலும்புப் பக்கம் புண். எல்லோரும் 'உடம்புச் சூடு' என்றார்கள். சூடு இல்லீங்க, ஷியர்!

உடல் சரியும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்கிறது. எலும்பு மட்டும் உள்ளே இறங்குகிறது. இடையிலுள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு, நெளிந்து, அடைபடுகின்றன. நேர் அழுத்தமும் சேர்கிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். எலும்பு முனையில் பரப்பு குறைவு. 1930-ல் லாண்டிஸ் என்பவர் நகக்கண் நுண்குழாயில், தமனிப் பக்கம் அளந்த ரத்த அழுத்தம் சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். அதை நசுக்க எவ்வளவு பாரம் வேண்டும்? அதனால் புண் எலும்பருகிலேயே தொடங்கலாம். வெளியே சிவப்பு மட்டும் தெரியும்.

காற்றடைத்த ரப்பர் வளையமும் வாங்கிப் போட்டோம். வீண் செலவு. அதன் விளிம்பு அழுத்தி, நடுவுக்குப் போகும் ரத்தத்தையே தடுக்குமாம். பிறகு நர்ஸ் அக்கா சொன்னபடி இரண்டு மணிக்கொரு முறை புரட்டினோம். சாப்பாட்டு நேரம் தவிரத் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தவில்லை. இழுக்காமல் நாலு பேராக விரிப்போடு தூக்கினோம்.

ஆற நாலு மாதம் ஆச்சு.