மழைக்கு முன்னே நாள் குறித்து வையுங்கள்



கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம். நடவுக்கு நாள் பார்க்கிறோம். ஆனால் வீட்டில் நடக்கப்போகும் பிரசவம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருமா என்று எத்தனை வீடுகளில் கணக்குப் பார்க்கிறோம்? “அப்போ பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். புயல் நமக்காகக் காத்திருக்காது. ஒரு பெரிய நகரம் இதற்கு எப்படித் தயாராகிறது, அதில் நாம் கற்க வேண்டியது என்ன என்பதே இந்தப் பாடம்.

நகரம் என்ன செய்கிறது?

வடசென்னையில் உள்ளது வியாசர்பாடி. துறைமுக வேலை, ஆலை வேலை, சுமை தூக்கும் வேலை என்று பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். உங்கள் உறவுக்காரர்கூட அங்கே இருக்கலாம். நிலமோ தாழ்வானது. கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பிவிட்டால் மழைநீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். ரயில் பாதைக்குக் கீழே செல்லும் கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழையில் பலமுறை நீர் நிரம்பி மூடப்பட்டிருக்கிறது. பாதை மூடினால் ஆம்புலன்சும் சுற்றித்தான் வரவேண்டும்.

ஆகவே மாநகராட்சி மழைக்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்து வைக்கிறது. கால்வாய்களைத் தூர் வாருகிறார்கள். பள்ளமான இடங்களில் மோட்டார் பம்புகளை நிறுத்துகிறார்கள். பள்ளிக்கூடங்களும் சமுதாயக் கூடங்களும் நிவாரண மையங்களாகத் தயாராகின்றன. சமைத்த உணவு, மருத்துவ முகாம், படகு ஆகியவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. பகல் இரவு எந்நேரமும் புகார் சொல்ல 1913 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் நிறத்தால் எச்சரிக்கை தருகிறது: மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு.

இவ்வளவு இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மக்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்தப் புயல் டிசம்பர் 5ஆம் தேதி கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் மழை கொட்டித் தீர்த்தது சென்னையில். வடசென்னையின் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது; மின்சாரம் இல்லை; பால் கிடைக்கவில்லை. “புயல் வேற ஊர்லதானே கரை கடக்குது” என்று இருந்துவிடக் கூடாது என்பது அதில் கிடைத்த முதல் பாடம்.

நகரத்துக்குத் தெரியாதது எது?

மாநகராட்சிக்குத் தெருவின் பள்ளம் தெரியும். உங்கள் வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

பெருமழை எச்சரிக்கை வரும்போது, பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளின் பட்டியலை எடுத்து, அவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நமது சுகாதாரத் துறையின் நடைமுறை. தண்ணீர் ஏறிய பிறகு படகு தேடுவதைவிட, இரண்டு நாள் முன்னால் ஆட்டோவில் போய்ச் சேருவது எவ்வளவோ மேல்! ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இருக்க வேண்டிய ஊரில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறிவிடுகின்றன. நம் ஊர்ப் பெண் வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அங்கே பதிவு செய்திருப்பாள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். புயல் வரும்போது அங்குள்ள செவிலியர் அவளைத் தேடுவார். இங்குள்ள செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. ஆகையால் தாய்வீட்டுக்கு வந்த அந்த வாரமே தாய் சேய் நல அட்டையையும் பதிவு எண்ணையும் கொண்டுபோய்க் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். புறப்பட்டு வந்த ஊரின் செவிலியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நாள் கணக்குப் பார்ப்பது எப்படி?

கடைசி மாதவிலக்குத் தொடங்கிய தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் பேறுகாலம் சுமார் அக்டோபர் 17. மார்ச் 1 என்றால் சுமார் டிசம்பர் 8. அதாவது ஜனவரி முதல் மார்ச் மாதத்துக்குள் கணக்குத் தொடங்கினால், பிரசவம் வடகிழக்குப் பருவமழையில்தான் வரும். இதற்காகப் பயப்பட வேண்டாம். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ பிரசவம் ஆகலாம் என்பதையும் சேர்த்து, எங்கே தங்குவது, எப்படிப் போவது என்று முன்னதாக முடிவு செய்யுங்கள்.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் பையில் இவற்றை வையுங்கள்:

1. தாய் சேய் நல அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையின் பேரில்தான் வழங்கப்பட்டது.

2. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள், கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை. குறைந்தது ஒரு வாரத்துக்கு.

3. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

4. சுத்தமான பழந்துணிகள், குழந்தைத் துணி, டார்ச் விளக்கு.

5. கருத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் அடுத்த மாத அட்டையும் வைத்திருங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், மாத்திரையை மீண்டும் தொடங்கி, ஏழு நாளாவது நிரோத் உறையும் பயன்படுத்துங்கள். தண்ணீர் வடிந்ததும் செவிலியரைப் பாருங்கள்.

சொல்லாமல் வரும் ஆபத்து

புயலுக்கு எச்சரிக்கை உண்டு. சில ஆபத்துக்கு அதுவும் இல்லை. அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். இப்படி நேர்ந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்று போகும் திசையில் ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போங்கள். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தையை யார் தூக்குவது, பாட்டியை யார் கைப்பிடிப்பது என்று அந்த நேரத்தில் பேச முடியாது. முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் யாரைக் கேட்பது?

கிராமத்தில் 1913 கிடையாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரின் கைப்பேசி எண்களைக் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வையுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் கதவில் எழுதியது இருக்கும்.

இன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளுங்கள்

நம் வீட்டில் பேறுகாலம் எந்தத் தேதி? செவிலியரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த ஊரில்? தண்ணீர் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது? வழி மூடினால் மறுவழி எது? கணவர் வெளியூரில் இருந்தால் முடிவு எடுப்பது யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லக் கணவன்மார்கள் தயங்குவதுண்டு. “நான் வர்ற வரைக்கும் காத்திரு” என்று சொல்லாதீர்கள். “நேரமாச்சுன்னா நீயே கிளம்பு, காசு இந்த டப்பாவுல இருக்கு” என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை தாயையும் சேயையும் காக்கும்.

ஏற்பாடு அரசின் கடமை. சொல்லி வைப்பது நம் கடமை.