தைத்துக் கொடுக்கும் சீர்

ஜெயங்கொண்டம்

அன்பு மருமகளுக்கு,

தைத்துக் கொடுக்கும் பரிசுக்கு வேண்டிய துணி பெரும்பாலும் வீட்டுப் பீரோவிலேயே கிடக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம், நவராத்திரிக் கொலு என்று போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட்டுகள் இருக்கும். முந்தானை மட்டும் புதுசாக இருக்கிற நூல்சேலைகளும் ஓரம் நைந்த வேட்டிகளும் இருக்கும். தையற்கடையில் கேட்டால் வெட்டுத்துண்டுகளை மூட்டையாகவே கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடத்தில் வரும் வளைகாப்பு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா அத்தனைக்கும் இவையே போதும். துணியைக் கையில் எடுக்கும் முன் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: வாங்குபவர் வீட்டில் அது அன்றாடம் எந்த வேலைக்குப் புழங்கும்? ஷோகேஸில் வைத்து அழகு பார்க்கத் தைத்தது இரண்டு வருடத்தில் தூசி படிந்து பரணுக்குப் போய்விடும். துவைத்துத் துவைத்துப் புழங்கத் தைத்ததுதான் அந்த வீட்டில் நிற்கும்.

பழந்துணிக்கு ஒரு வரம்பு உண்டு. பாட்டி உடுத்திய சேலையில் தைத்த விரிப்பைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதையே பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கொண்டுபோனால் முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொந்தத்துக்குள் என்றால் பழந்துணி, வெளியாருக்கு என்றால் புதுத்துணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

எந்தத் துணியானாலும் வெட்டும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, அது பருத்தியா, கலப்பா என்பது. ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் போல எரிந்து தூள் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். நம் ஊர் வெயிலுக்குப் போர்த்தவும் விரிக்கவும் தைப்பது பருத்தியாகவே இருக்க வேண்டும். இரண்டாவது சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏறினால், அலசும் தண்ணீர் தெளியும் வரை தனியாக அலச வேண்டும். தெளியவே இல்லையென்றால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கக் கூடாது. உப்பில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் துணியில் பிடிக்காமல் தங்கிய சாயத்தை உப்பு பிடிக்க வைக்காது. மூன்றாவது சுருக்கம். காடாத் துணியை ஓரிரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே 90 செ.மீ. துணியில் நாலரை செ.மீ. போய்விடும். நனைக்காத துணியில் தைத்த பை முதல் சலவையிலேயே கோணிக்கொள்வது இதனால்தான்.

தைத்துப் பழக முதல் வேலையாக மஞ்சப்பையே சிறந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பே கல்யாண வீட்டில் மணமக்கள் பெயர் அச்சடித்துத் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுத்தனுப்பிய பை அது. கடையில் மொத்தமாக வாங்கும் பையில் கைப்பிடி ஒற்றை மடிப்பில் இருக்கும், உள்ளே பிசிர் தொங்கும். வீட்டில் தைப்பது இந்த இரண்டு இடத்தில் தேறினாலே போதும்.

35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் வரும் பைக்கு 38 செ.மீ. அகலத்தில் 90 செ.மீ. நீளத் துணி வேண்டும். அடியில் வெட்டில்லாமல் ஒரே துணியாக மடித்தால் அடிப்பக்கம் பிரியவே பிரியாது. பக்கத் தையலை இரண்டு முறை போட வேண்டும். நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து அரை செ.மீ. உள்ளே ஒரு தையல். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பி, ஓரத்தை நகத்தால் நீவி, ஒரு செ.மீ. உள்ளே இன்னொரு தையல். பிசிர் முழுக்க இரண்டு தையலுக்கு நடுவே அடங்கிவிடும். ஓவர்லாக் மிஷினைத் தேட வேண்டியதில்லை. கைப்பிடிக்கு 55 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டி. ஒவ்வொன்றையும் நாலாக மடித்து இரண்டரை செ.மீ. ஆக்கி, இரு ஓரமும் தைத்து, நுனியை வாய் மடிப்புக்குள் நாலு செ.மீ. நுழைத்துச் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போடுவது வழக்கம். பாரம் முழுவதையும் தாங்குவது அந்தச் சதுரம்தான். மடிப்பு பல அடுக்காகும் அந்த இடத்துக்கு மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி வேண்டும். மற்ற இடத்துக்கு 14 போதும். சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் மிஷின் இருக்கிறது. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தவையும் அவற்றில் உண்டு. ஊசியை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவதுதான் அவற்றின் பொதுவான குறை. முனை மழுங்கிய ஊசி தையலை விட்டு விட்டுப் போடும், துணியையும் இழுக்கும்.

பட்டுத்துண்டு கிடைத்தால் சுருக்குப்பை. ஜெயங்கொண்டத்தைச் சுற்றி வாரியங்காவல், இலையூர் பக்கம் கைத்தறி நெசவு இருப்பதால் பட்டு இந்த ஊருக்குப் புதிதல்ல. கிழிந்த பட்டுச்சேலையின் பார்டர் மட்டுமே பத்துப் பைக்கு வரும். பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருந்த அதே வடிவம்தான். இன்று அதில் கம்மலும் சில்லறையும் வைக்கிறார்கள், செல்போன் சார்ஜரும் வைக்கிறார்கள். பட்டில் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது. பிரித்துத் தைத்தாலும் தடம் தெரியும். ஆகவே தைக்கும் கோட்டுக்கு வெளியே மட்டும் குத்தி, மிஷினில் 11-ஆம் நம்பர் ஊசி போட்டு, ஒரே முறையில் தைத்து முடிக்க வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் அவசியம். ஜரிகை உரசி உள்ளே வைத்த பொருளில் கீறல் விழாமல் அது காக்கும்.

பரிசுகளில் பெரியது ஒட்டுத்துணிப் போர்வையும் விரிப்பும். தமிழ் வீடுகளில் பழைய நூல்சேலை முதலில் தூளியாகும், பிறகு குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும். நடுவில் உள்ள அந்த விரிப்பு நிலையை மற்ற ஊர்ப் பெண்கள் பெரிய கலையாகவே வளர்த்துவிட்டார்கள். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலை ஓரத்திலிருந்து உருவிய வண்ண இழையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். மேற்கு வங்கத்து நக்‌ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பீகாரில், பிறந்த குழந்தையைப் பழஞ்சேலை அடுக்கில் தைத்த சுஜனியில் ஏந்துவது பழைய வழக்கம். வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதிகளில் வாழும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோரின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி இவை எல்லாவற்றிலும் துணிச்சலானது. அவர்கள் வரைந்து வைத்துத் தைப்பதில்லை. விளிம்பில் தொடங்கி, கையில் வரும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பதித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணிப்பூவை வைக்காமல் விட்டால் அந்தப் போர்வை அவர்களுக்கு நிறைவானதாகத் தோன்றாது.

கடல் கடந்த நாடுகளில் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சுத் தகடு வைத்துத் தைக்கிறார்கள். அங்கே பனி கொட்டுகிறது. சித்திரை வெயிலில் அனல் வீசும் ஊருக்குத் துணி அடுக்கே போதும். இலவம்பஞ்சைப் போர்வைக்குள் வைப்பது வீண்வேலை. அதன் இழை வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது, ஒரு மூலைக்கு ஓடிச் சேர்ந்துவிடும். தலையணைக்கு அது அருமையான பஞ்சு. அதற்கும் நெருக்கமான நெசவில் உள்ளுறை தைத்து, மேலுறையைக் கழற்றித் துவைக்கும்படி விட வேண்டும்.

சேலை ஐந்தரை மீட்டர் நீளம், சுமார் 1.15 மீட்டர் அகலம். அதை நாலாக மடித்தால் 1.37 மீட்டருக்கு 1.15 மீட்டர் அளவில் நாலடுக்கு விரிப்பு ஒன்று கிடைக்கும். குழந்தைக்கு அது தாராளம். பெரியவர் போர்வைக்கு இரண்டு சேலையைத் தனித்தனியாக இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். மடிக்கும் முன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கொசுவம் உரசிய இடமும் காலடியில் இழுபட்ட கீழோரமும் வலை போல் தெரியும். அவை உள்ளடுக்குக்குப் போகட்டும். முந்தானை மேலே வரட்டும். ஜாக்கெட் பிட்டுச் சதுரங்களை மேலே பதிப்பதானால் சதுரத்தின் ஓரம் நெசவின் நூலோட்டத்தோடு ஒத்துப்போகும்படி வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டிய துண்டு இழுபடும். விளிம்புக்கு வைக்கும் கிராஸ் பட்டிக்கு மட்டுமே அந்த இழுவை வேண்டியிருக்கிறது.

அடுக்குகளைச் சிமென்டுத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே நீவி, ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டிவிட்டால் பிறகு மடியில் வைத்துத் தைக்கலாம். சித்திப் பெண்களுக்கு விளிம்பிலிருந்து உள்ளே வரும் கை இருக்கிறது. புதிதாகப் பழகுபவர் நடுவிலிருந்து வெளியே போவதுதான் சரி, இல்லையென்றால் துணி நடுவில் புடைத்து நின்றுவிடும். வரிசைக்கு வரிசை 2 செ.மீ. விட்டால் அந்தக் குழந்தை விரிப்பில் 57 வரிசை, ஏறக்குறைய 78 மீட்டர் தையல் வரும். மேல் தையல் அரிசி அளவில் சீராக இருந்தால் கண்ணுக்கு அதுவே அலங்காரம். நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்கக் கூடாது. நீள நூல் முறுக்கேறிச் சிக்கும். முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைக்க வேண்டும். ஏழாம் மாத வளைகாப்புக்குக் கொடுக்க நினைத்தால் கல்யாணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன செய்தி வந்த வாரத்திலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவது உத்தமம்.

குழந்தைக்குத் தைப்பதில் அழகைவிடப் பாதுகாப்பு முந்தி நிற்கிறது. ஒரு வயது நிறையாத பிள்ளை தூங்கும் இடத்தில் தலையணை, கனமான போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூக்கை மூடிவிடும் ஆபத்து உண்டு. எனவே விரிப்பைக் கொடுக்கும்போதே, விழித்திருக்கும் நேரத்தில் தரையில் போட்டு விளையாடவிட என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று வயது வரைக்குமான துணியில் பட்டன், மணி, கண்ணாடி, சமிக்கி வேண்டாம்; பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ஜப்லாவுக்கு மல் துணியும், பின்னால் கட்டக் குட்டையான துணி நாடாவும் போதும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி தைத்தால் பிஞ்சுத் தோலில் உரசாது. பார்வைக்கு அது குறையாகத் தெரிந்தாலும் தெரியட்டும்.

கை தேர்ந்த பிறகு புதுவீட்டுக்கு வாசல் தோரணம் தைக்கலாம். அதற்கு முன்மாதிரி தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலேயே இருக்கிறது. தேரிலும் கோயில் வாசலிலும் உருளையாகத் தொங்கும் தொம்பைகள் சிவப்புத் துணியில் மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்புத் துண்டுகளை யாளியாகவும் தாமரையாகவும் கிளியாகவும் வெட்டிப் பதித்துத் தைத்தவை. தேரின் உயரத்துக்கும் தூரத்துக்கும் தெரிய வேண்டியிருப்பதால் அவற்றில் நுணுக்கம் குறைவு, வடிவம் பெரிது. அந்தப் பாடத்தை மூன்றடி வாசலுக்கும் கொண்டுவரலாம். பூவை உருவக் கோட்டுக்கு அரை செ.மீ. வெளியே வெட்டி, வளைவு உள்வாங்கும் இடங்களில் மட்டும் கோடு வரை சின்னச் சின்னதாகக் கத்தரித்து, ஊசி முனையால் ஓரத்தை உள்ளே தள்ளித் தள்ளி மறைதையல் போட்டால் விளிம்பு சுருங்காமல் படியும். இதழின் கூர்முனையில் ஒரு தையல் கூடுதலாக விழ வேண்டும், பிரிவது அங்கிருந்துதான். வெயில்படும் வாசலில் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும் என்பதால் நல்ல சாயத் துணிக்குக் கொஞ்சம் காசு செலவழிப்பது தகும்.

கொடுக்கும் முன் ஒரு முறை துவைத்துக் காயவைத்துப் பார்த்துவிட வேண்டும், பட்டுச் சுருக்குப்பை தவிர. பிரிய வேண்டிய தையல் தைத்தவர் கையிலேயே பிரியட்டும். செலவைக் கூட்டிச் சொல்வதும் எத்தனை நாள் தைத்தது என்று சொல்வதும் வாங்குபவர் தலையில் கடன் ஏற்றுவதாகிவிடும். அதைத் தவிர்ப்பதே மரியாதை. அதே துணியில் உள்ளங்கை அகலத் துண்டும் கொஞ்சம் நூலும் உள்ளே மடித்து வைத்தால் பின்னால் கிழிசலுக்கு ஒட்டுப்போட உதவும். நூல்துணியைக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தவும், பட்டைத் தோய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும், இஸ்திரி போடும்போது மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்து மிதமான சூட்டில் தேய்க்கவும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
அத்தை