செவலை கதவைத் தட்டினாள்

எங்கள் செவலை நாட்டு நாய். குட்டியாக வந்த நாலாவது மாதத்திலிருந்தே வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவசரமென்றால் கொல்லைக் கதவை இடது முன்காலால் இரண்டு தரம் பிராண்டுவாள். ஆறு வருஷமாக அதே இடத்தில் பிராண்டிப் பிராண்டி, கதவின் பச்சைப் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து மரம் தெரிகிறது.

அப்படிப்பட்டவள் போன கார்த்திகையில் ஒரு நாள் காலை பூஜை அறை வாசலில் ஈரம் பண்ணி வைத்திருந்தாள். மறுநாள் கோரைப்பாய் மேல். ஒரே வாரத்தில் ஐந்து தடவை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் இருபது நாள் குழந்தை. "பச்சப்புள்ள வந்திருக்குல்ல, அதுக்குப் பொறாமை. கொல்லையில கட்டிப் போடு" என்றார் அத்தை. எனக்கும் அது சரியென்றே பட்டது. பகலில் கட்டிப் போட்டேன், அதட்டினேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பாக, ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு ராத்திரி அவளைத் தாகத்தோடு படுக்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்த மகள் என்னை எழுப்பினாள். "அம்மா, அவ கதவைத் தட்டினாம்மா. நாமதான் எந்திரிக்கல." போய்ப் பார்த்தேன். செவலை கொல்லைக் கதவோரம் குந்தியிருந்தாள். சிமெண்ட் தரையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். இரண்டடி நகர்ந்து மறுபடி குந்தினாள், முக்கினாள், நாலு சொட்டு. அந்தச் சொட்டில் வெளிர் சிவப்பு கலந்திருந்தது. திரும்பிப் பின்னால் நக்கிவிட்டு என்னைப் பார்த்ததும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அந்த ஒரு வாரத்தில் என் அதட்டலிலிருந்து அவள் கற்றுக்கொண்டது அதுதான். வலியை என்னிடமிருந்து மறைக்கப் பழகியிருந்தாள்.

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போனோம். தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அவர் மூன்று கேள்வி கேட்டார். ஒவ்வொரு தடவையும் போவது குளமாகவா, சொட்டுச் சொட்டாகவா? தெரிந்து போகிறாளா, தூக்கத்தில் தன்னை அறியாமல் ஒழுகுகிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. கிண்ணம் காலியானால் நிரப்புவேன், அவ்வளவுதான். நாய் வளர்க்கிற எல்லோரும் இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதில்களே காட்டிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கிக்கொண்டு போனால் மூத்திரப் பையில் தொற்றோ கல்லோ இருக்கலாம். பெண் நாய்களுக்குத் தொற்று அதிகம். படுத்த இடம் மட்டும் நனைந்து, நனைந்தது நாய்க்கே தெரியாமல் இருந்தால் விஷயம் வேறு. கருத்தடை ஆபரேஷன் செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு, சில வருஷம் கழித்து, மூத்திரக் குழாயை மூடி வைத்திருக்கும் தசை தளர்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு அப்படித்தான் இருந்தது. தினசரி மாத்திரையில் படுக்கை காய்ந்துவிட்டது. குளம் குளமாகப் போய், தண்ணீரும் மொண்டு மொண்டு குடித்தால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஹார்மோன் கோளாறு என்று பார்க்க வேண்டும். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாயும் இப்படிக் குடிக்கும்.

தண்ணீருக்கு ஒரு கணக்குச் சொன்னார். சாதாரணமாக நாய் தன் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். வெயில் காலத்தில் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது. செவலை 16 கிலோ. அவளுக்கு அபாயக் கோடு 1,600 மில்லி. காலையில் பாட்டிலில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழித்தால் கணக்கு வந்துவிடும். காரணம் தெரியாமல் தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது என்று அவர் சொன்னபோது என்னால் நிமிர முடியவில்லை. சிறுநீரகம் கெட்ட நாய் குடிக்காமல் விட்டால் உடம்பு வற்றிவிடும்.

அண்ணன் வீட்டு லாப்ரடார் ஞாபகம் வந்தது. கருத்தடை செய்யாத நாய். பருவம் வந்து போன ஒன்றரை மாதத்தில் குடம் குடமாகக் குடித்து வீடெங்கும் நனைத்தது. வயசாகிவிட்டது என்று விட்டிருந்தார்கள். அண்ணி தரையில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தார், மொய்க்கவில்லை, ஆகவே சர்க்கரை இல்லை என்று முடிவு கட்டினார். எறும்பை நம்பக் கூடாது. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்துதான் பிழைத்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் போயிருக்கும் என்றார்களாம்.

செவலைக்கு மூத்திரப் பரிசோதனை. காலை முதல் மூத்திரமாக இருக்க வேண்டும், சுத்தமான காய்ந்த பாத்திரத்தில் பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரமாக ஆக அதில் படிகங்கள் தானாக உருவாகிக் குழப்பிவிடும். கிண்ணத்தை நீட்டினால் அவள் எழுந்து நின்றுவிடுகிறாள். பிறகு நீளக் காம்பு எவர்சில்வர் கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்துக்கொண்டு, வழக்கம்போலச் சங்கிலி பிடித்து நடந்தேன். அவள் குந்தி முதல் சொட்டுகள் விழுந்த பிறகு பின்பக்கமாக மெல்ல நீட்டினேன். இரண்டு ஸ்பூன் கிடைத்தது, அது போதும். எந்தக் கிருமி என்று கல்ச்சர் பார்க்க மட்டும் டாக்டரே வயிற்று வழியாக மெல்லிய ஊசியில் எடுத்தார். கீழே பிடித்ததில் வெளிக் கிருமியும் கலந்துவிடும்.

தொற்று இருந்தது. எக்ஸ்ரேயில் மூத்திரப் பைக்குள் மூன்று சின்னக் கல். தொற்றினால் வரும் ஸ்ட்ரூவைட் வகையாக இருக்கும் என்றார் டாக்டர். இந்த வகையைப் பல சமயம் ஆன்டிபயாடிக்கும் தனி உணவும் கொடுத்தே கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். அதனால் கல்லைக் கரைக்கும் நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும், எந்தக் கல் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். வீட்டில் நாம் போடும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாளே சொட்டு நின்றுவிட்டது. "அதான் சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். நிறுத்தவில்லை, டாக்டர் சொன்ன கடைசி மாத்திரை வரை கொடுத்தோம். இரண்டாவது மாத எக்ஸ்ரேயில் கல் இல்லை.

ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அவற்றின் குழாய் குறுகல், கல் நடுவில் மாட்டிக்கொள்ளும். காலைத் தூக்கித் தூக்கி நின்றும் ஒன்றும் வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தரையை நான் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பினாயில் நாயின் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும், அது விஷம். அமோனியா வாடையுள்ள திரவமும் வேண்டாம், மூத்திர வாடை போலவே இருப்பதால் அதே இடத்துக்கு நாய் திரும்பி வரும். என்சைம் கலந்த கிளீனர் கடையில் கிடைக்கிறது, அதுதான் வாடையை வேரோடு எடுக்கிறது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வரலாம் என்பதால், குழந்தை இருந்த வீட்டில் கையுறை போட்டே துடைத்தேன்.

எல்லாமே நோய் என்று சொல்லவில்லை. தீபாவளி வெடிக்குப் பயந்தும், வீடு மாறியும், வயதான நாய் இடம் மறந்தும் நனைக்கும். ஆனால் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மனசுக் காரணத்தைத் தேட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் தானாக வெளியே வர மூன்று வாரம் பிடித்தது. இப்போது நான் கொல்லைக் கதவுக்குப் பக்கத்து அறையில்தான் படுக்கிறேன், பிராண்டினால் உடனே கேட்கும். ஸ்ட்ரூவைட் கல் திரும்ப வரக்கூடும் என்பதால் அடுத்த மூத்திரப் பரிசோதனை தை மாதக் கடைசியில். அந்தக் கரண்டியைச் சமையலறையிலிருந்து பிரித்துத் தனியாக மாட்டி வைத்திருக்கிறேன்.